சிறுவர் ஓவியத்தில் காட்சியமைப்பு

சிறுவர் ஓவியத்தில் காட்சியமைப்பு என்பது, தாளின் பரப்பில் உருவங்களை எங்கே, எவ்வளவு பெரிதாக, ஒன்றுக்கொன்று எத்தகைய தொடர்பில் வைப்பது என்பதைச் சிறுவர்கள் வரைந்து கண்டறிவதைக் குறிக்கும். கோட்டையும் நிறத்தையும் கற்பிப்பதைவிட இதனைக் கற்பிப்பது கடினமானது. வளர்ந்தோர் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றும் அமைப்புகள் பல, உண்மையில் குழந்தையின் வளர்ச்சிப் படிகளாகும்.

வளர்ச்சிப் படிகள்

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947 இல் வெளியிட்ட நூலில் இப்படிகளை வகைப்படுத்தினார். ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல் பருவமாகும். 4 முதல் 7 வயது வரை உருவங்கள் தோன்றினும் அவை தாளில் மிதப்பன போலவே அமையும். 7 வயதை ஒட்டி, தாளின் அடிப்பகுதியில் நிலத்தைக் குறிக்கும் கோடு ஒன்று தோன்றுகிறது. மரம், வீடு, மனிதர் எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். குழந்தைக்கு முக்கியமானது எதுவோ அது பெரிதாக வரையப்படும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பது இதனாலேயே.

செஞ்சிக்கோட்டை: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக்கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. 2025 ஜூலையில் இது மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. திண்டிவனம் - திருவண்ணாமலைச் சாலை கோட்டைப் பகுதியின் ஊடாகவே செல்வதால், அதில் நிற்பவருக்கு ஒருபுறம் கிருஷ்ணகிரியும் மறுபுறம் இராஜகிரியும் தெரியும்.

இதனை வரையும் ஏழு வயதுக் குழந்தை சாலையைத் தாளின் நடுவே இட்டு, ஒரு குன்றை மேல்நோக்கியும் மற்றதைத் தலைகீழாகவும் வரையக்கூடும். தாளைச் சாலையின் இரு ஓரங்களிலும் மடித்து நிமிர்த்தினால் இரண்டு குன்றுகளும் சரியாக எழுந்து நிற்கும்! லோவன்ஃபெல்ட் இத்தகைய மடிப்பமைப்பை விளக்கியுள்ளார். "மலை தலைகீழாக நிற்குமா?" என்று ஆசிரியர் அதனை அழித்துவிட்டால், குழந்தை தானே கண்ட ஒரு தீர்வை இழந்து, கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து வரையத் தொடங்கும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே சூரியன், ஆறு, குடிசை, தென்னை என்னும் பழகிய படம் இவ்வாறே நிலைபெறுகிறது. செஞ்சிக் குன்றுகளோ முக்கோணங்கள் அல்ல. பெரும் பாறைகளைக் குவித்துவைத்தாற் போன்றவை.

வரலாறு

1897 இல் வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் தொடங்கிய சிறுவர் ஓவிய வகுப்பு, குழந்தைகளின் சொந்த வெளிப்பாட்டிற்கு இடமளித்தது. இந்தியாவில் சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்வி முறையில் ஓவியம் கற்பித்தார். தமிழ்நாட்டில் ஓவியக் கல்வி வேறு வழியில் வளர்ந்தது. 1850 இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளி தொழிற்கலைகளை நோக்கமாகக் கொண்டிருந்தது. 2007 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. ஆசிரியருக்கு மட்டுமே உரியதாயிருந்த பரப்பு இவ்வாறு குழந்தைகளுக்கும் கிடைத்தது.

கற்பிக்கும் முறைகள்

வெட்டிய தாள் உருவங்களை ஒட்டுமுன் பல இடங்களில் நகர்த்திப் பார்ப்பது எளிய பயிற்சியாகும். அழிக்க வேண்டியதில்லை என்பதால் குழந்தை அஞ்சாமல் மாற்றிப் பார்க்கும். அட்டையில் செவ்வகத் துளையிட்டு அதன் வழியே காட்சியை நோக்குவது மற்றொன்று. எதை விடுவது என்பதை இது கற்பிக்கிறது. தாளின் கிடப்பையும் குழந்தையே தெரிவு செய்யலாம். இராஜகிரிக்கு நெடுந்தாளும், நீண்ட மதிலுக்கு அகலத்தாளும் பொருந்தும்.

வீட்டு வாசலில் பழகும் புள்ளிக்கோலம் சமச்சீரையும் இடநிரப்பலையும் உணர்த்தும். எனினும் அதில் புள்ளிகளே இடத்தை முன்கூட்டி முடிவு செய்துவிடுவதால், வெறுந்தாளில் வரைவதற்கு அது ஈடாகாது.

வரைந்து முடித்த குழந்தையிடம் "இது என்ன?" என்று கேட்பதைவிட, "இவர் எங்கே நிற்கிறார்?", "இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்பது பயன்தரும். விடையாகக் குழந்தை பெரும்பாலும் இன்னொன்றை வரைந்து சேர்க்கும்.