போரைச் சமன்பாட்டில் அடக்கலாமா? லான்செஸ்டர் விதியும் ஆனையிறவும்

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக் காலத்தில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். பாண்டவர் படை 7 அக்குரோணி, கௌரவர் படை 11. பெரிய படை எப்படித் தோற்றது என்ற சிறுவயதுக் கேள்வி, உயர்தரத்தில் கணிதம் படித்த பின்னர் என்னை லான்செஸ்டர் விதியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிரித்தானியப் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1914இல் இதனை வெளியிட்டார். வாட்போரில் ஒருவரோடு ஒருவரே மோதமுடியும். சமதிறனுள்ள 1,000 பேரும் 600 பேரும் பொருதினால், சிறிய படை அழியும்போது பெரியதில் 400 பேர் மிஞ்சுவர். துப்பாக்கிப் போரில் பலர் சேர்ந்து ஒருவரைக் குறிவைக்கலாம். அங்கு எண்ணிக்கையின் வர்க்கமே பலம்: 1,000,000இலிருந்து 360,000ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 800 பேர் மிஞ்சுவர். பாரதப் போருக்கு இதனைப் பொருத்தினால் கௌரவர்கள் ஏறக்குறைய எட்டரை அக்குரோணி எஞ்ச வென்றிருக்க வேண்டும்!

உண்மைப் போர்களில் இது பொருந்துகிறதா? 1945 ஐவோ ஜிமா சமரின் அமெரிக்க இழப்புகளை வைத்து 1954இல் எங்கெல் என்பவர் சோதித்தார். நன்றாகப் பொருந்தியது. ஆனால் ஜப்பானியரின் நாளாந்த இழப்புக் கணக்கு கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டது ஒரு பக்கம் மட்டுமே. இருதரப்புத் தரவுகளும் உள்ள கேர்ஸ்க் (1943), ஆர்டென் (1944) சமர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, எந்தவொரு விதியும் திருப்தியாகப் பொருந்தவில்லை.

எங்கள் மண்ணிலேயே சான்று உண்டு. 1991 யூலையில் ஆனையிறவில் முற்றுகைக்குள்ளான படையினர் சில நூறு பேர்தான். வெற்றிலைக்கேணியில் கடல்வழி தரையிறங்கிய உதவிப்படை வந்து சேரும்வரை முகாம் தாக்குப்பிடித்தது. 2000 ஏப்ரலில் அங்கு பல மடங்கு படையினர் இருந்தனர். இயக்கச்சி வீழ்ந்து, வழங்கல் பாதையும் குடிநீரும் துண்டிக்கப்பட, 22ஆம் திகதி முகாம் வீழ்ந்தது. தண்ணீருக்கு அந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

மக்களுக்கும் இடமில்லை. இரண்டு படைகளுக்கு இரண்டு எழுத்துகள். நடுவில் அகப்பட்டவர்களுக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. 2009 இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என மறு ஆண்டு ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு கூறியது. இரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே முப்பதாயிரம் உயிர்கள்.

1990 யூனுக்குப் பின் கல்முனைப் பக்கத்தில் வீடு திரும்பாதவர்களும் எந்த வரைபிலும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் இழந்தவரின் பெயர், வயது, இடம், திகதி நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தரவு இல்லாத இடத்தில் எந்த விதியையும் சோதிக்க முடியாது. நீதியையும் கேட்க முடியாது.