எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

1983-ல் வந்த டொயோட்டா ஏஇ86, கொரோலா குடும்பமே முன்சக்கர இழுவைக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் பின்சக்கர இழுவையோடு நின்ற கார். எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் எஞ்சின். கெய்ச்சி சுச்சியா ஜப்பானிய மலைப்பாதையில் இதை வழுக்கவிட்டு ஓட்டிய 'பிளஸ்பி' வீடியோ 1987-ல் வெளியானது.

காசில்லாத பசங்க டிஃபரென்ஷியலையே வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் ஏதாவது ஒன்று வழுக்கித்தான் ஆகணும். பார்க் பண்ணும்போதுகூட டயர் கத்தும். ஆனா செலவு கம்மி.

1995-ல் 'இனிஷியல் டி' காமிக்ஸ் வந்தது; கார் உலகப் புகழ் பெற்றது. 2021-ல் டொயோட்டாவே சில உதிரிபாகங்களை மறுபடி தயாரிப்பதாக அறிவித்தது. புதுப்பிக்கிறவர்கள் பலர் இப்போது ஷோரூம் நிலையைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. துருப்பிடித்த தகட்டை மாற்றுங்கள், சரி. வெல்டிங் வைத்த அந்த டிஃபரென்ஷியலை மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க, பரணில் கிடக்கட்டும்.