கரைவாகு கண்ட காற்றும் கடலும்

கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வயல்வெளியும் களப்பும். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணற்கரை. கல்முனையையும் அதன் அயலூர்களையும் பற்றி எழுதப் புகுவோன் முதலிற் சொல்ல வேண்டியது இதுவே. வடக்கே பெரியநீலாவணையும் மருதமுனையும், நடுவே பாண்டிருப்பும் கல்முனையும், தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்பனவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழூர் எங்கே முடிகிறது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை வழிப்போக்கர் அறிவது கடினம். கோயில் மணியோசையும் பாங்கொலியும் ஒரே காற்றிற் கலந்து வரும் நாடு இது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று என்பன இதன் பழம்பெயர்கள்.

சரித்திரம் என்றதும் நாம் மன்னர்களையும் போர்களையும் நினைக்கிறோம். ஆயின், நம் வீட்டு முதியோர் காலத்தை அளக்கும் கோல் வேறு. "சூறாவளி அடித்த வருஷம் பிறந்தவன்", "வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் கல்யாணம் முடித்தவள்", "சுனாமிக்கு முந்திக் கட்டின வீடு" என்றே அவர்கள் பேசுவர். அந்தக் கோலைக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆகவே மட்டக்களப்பின் இடர்களை நம் இடர்களாகவே கொள்ளுதல் பொருந்தும்.

காற்று

வங்கக் கடலில் ஐப்பசி முதல் மார்கழி வரை புயல்கள் பிறக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வடமேற்கே திரும்பித் தமிழகத்தையோ ஆந்திரத்தையோ ஒரிசாவையோ வங்கத்தையோ சென்று தாக்கும். சில மாத்திரமே நம் கரையைத் தொடும். அச்சிலவும் அடுத்தடுத்து வருவதில்லை. 1907 மார்ச்சில் ஒரு கடும்புயல் கிழக்குக் கரையைத் தாக்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கலக்கிச் சென்றது. நம்மவர் "சூறாவளி" என்று அடைமொழியின்றிச் சொல்வது 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய புயலையே. அன்று 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். மட்டக்களப்பு மாவட்டத் தென்னைகளிற் பெரும்பாலானவை ஒரே இரவில் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் போயின. தென்னை ஒன்று காய்க்கச் சில ஆண்டுகள் வேண்டும். எனவே அவ்விரவின் நட்டம் மறுநாட் காலையோடு முடிந்துவிடவில்லை.

என் அம்மம்மாவின் வீடு அக்காலத்தில் கிடுகு வேய்ந்த மண்வீடு. கூரை பறந்ததும், அவர்கள் பிள்ளைகளைச் சேலையாற் பிணைத்துக்கொண்டு பக்கத்து வளவிலிருந்த முஸ்லிம் குடும்பத்தாரின் கல்வீட்டுக்குத் தவழ்ந்து சென்றார்களாம். விடியும்வரை இரு குடும்பத்தாரும் நெல் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தனர். "அவவும் தன்ர ஆண்டவனைக் கும்பிட்டா, நானும் என்ர அம்மாளைக் கும்பிட்டன், காத்து இரண்டு பேரையும் விட்டிட்டுப் போச்சு" என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். சூறாவளியிற் படித்த பாடம் கல்வீடு. இயன்றவர் யாவரும் கல்லாலும் சீமெந்தாலும் வீடு கட்டத் தொடங்கினர். காற்றுக்கு அது நல்ல மருந்தே. ஆனால் அடுத்து வந்தது காற்றன்று.

வெள்ளம்

வடகீழ்ப் பருவக்காற்று மழையே நம் பெரும்போகத்துக்கு உயிர். அதே மழை மிகுந்தால் அதுவே பகை. மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வான் கதவுகள் திறக்கப்பட, வட்டைகளெல்லாம் கடலாகிவிடும். களப்புகளின் முகத்துவாரங்களை மணற்றிட்டு அடைத்திருப்பின் வெள்ளம் கடலுக்கு வடியாது. அதனாலேயே முகத்துவாரம் வெட்டிவிடும் வழக்கம் கிழக்கில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தை இன்றும் நினைவுகூரும் முதியோர் சிலர் உளர். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பெய்த மழையோ கிழக்கில் பல இலட்சம் மக்களை இடம்பெயர்த்து, விளைந்த வேளாண்மையையும் அழித்தது.

கடற்கரையிலிருந்து மேற்கே செல்லும் வழிகள் சிலவே. கிட்டங்கித் தாம்போதி ஆண்டுதோறும் மாரியில் நீரில் மூழ்குவதை நாம் அறிவோம். 2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. விடுமுறைக்கு வீடு திரும்பிய சிறுவர்கள் அவர்கள். பலர் திரும்பவில்லை. அவ்விரவு தமிழூர்களிலும் உறங்காத வீடுகள் பல.

அடுத்த ஆண்டு நவம்பரில் டித்வா புயல் இலங்கையைக் கடந்து 600க்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. அவர்களிற் பெரும்பாலோர் மலைநாட்டில் மண்சரிவில் மாண்டனர். இடர் தன் வழக்கமான இடத்தில் மட்டுமே வரும் என்றிருத்தல் பேதைமை என்பதற்கு இதுவும் சான்று.

கடல்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. எட்டரை மணியளவில் அலை நம் கரையை அடைந்தது. இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடலோரத்திலிருந்து ஒரு முதியவர் மெல்ல நடந்து மேற்கே செல்வதற்கும் அது போதும். ஆனால் சொல்வார் இல்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் ஹவாய்த் தீவில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. கரைவலைத் தோணிகளும், மருதமுனைத் தறிகளும், கல்வீடுகளும் ஒன்றாகவே அழிந்தன.

இங்கு ஓர் உண்மையை நன்கு அறிந்துகொள்ளல் வேண்டும். "கடல் வற்றினால் ஓடு" என்று பலரும் கூறுவர். அது பாதி உண்மையே. அன்று கடலடித் தரை மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்தது. ஆகவே கிழக்கேயுள்ள தாய்லாந்தில் முதலிற் கடல் வற்றியது. மேற்கேயுள்ள நமக்கோ முதலில் நீரே உயர்ந்து வந்தது. அது பின்வாங்கியபோது வேடிக்கை பார்க்கச் சென்றோரை அடுத்த பேரலை கொண்டது. வற்றுவதைக் காத்து நிற்பவன் நம் கரையில் உயிர் தப்பான்.

கடல்கோள் என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. மிஷன் பாடசாலையில் நான் நோவாவின் பேழையைப் படித்தேன். என் முஸ்லிம் நண்பர்கள் நூஹ் நபியின் வரலாற்றைப் படித்தனர். வீட்டில் அம்மம்மா மனுவையும் மச்சாவதாரத்தையும் சொன்னார். மூன்றிலும் முன்னரே அறிவிக்கப்பட்டவன் முன்னரே ஆயத்தம் செய்தான் என்பதே கருத்து. நாமோ கதையைப் பரீட்சைக்குப் படித்தோம், கருத்தை விட்டுவிட்டோம்.

பின்னர் நடந்தது

அலை வடிந்த அன்று கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்ற வேற்றுமை இருக்கவில்லை. கதவு திறந்த இடமெல்லாம் புகலிடமாயிற்று. ஆனால் நிவாரணம் வந்தபோது கைகள் பிரிந்தன என்பதையும் மறைத்தலாகாது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பவர்கள். நிலம் போனது குமர்ப்பிள்ளைகளின் வாழ்வு போனதாயிற்று. புதிய வீடுகள் பலவும் கணவன் பெயரிற் பதியப்பட்டதால் தாய்வழி வந்த உரிமையும் தளர்ந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியாற் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினால் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. வீடிழந்தோர் ஒருபுறம், ஆளற்ற வீடு மறுபுறம்! இது இயற்கை செய்த கேடன்று.

நாம் செய்ய வேண்டியது

1907, 1957, 1978, 2004 என்னும் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இடையே இருபது முதல் ஐம்பது ஆண்டுகள். அறிந்தவர் முதுமையெய்தி மறைவதற்கும் அறியாதவர் வளர்ந்து வீடு கட்டுவதற்கும் அக்காலம் போதும். நான் பிறந்தது சுனாமிக்கு அடுத்த ஆண்டு. என் வகுப்பினர் எவருக்கும் அந்நாளின் நினைவில்லை. நம் கரையின் பெரிய ஆபத்து இதுவே.

சுமாத்திராவின் அருகே சிமெலூ என்றொரு தீவு உண்டு. 2004இன் நடுக்க மையத்துக்கு மிக அண்மையிலிருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. அங்கே 1907இல் ஒரு கடல்கோள் பலரைக் கொன்றது. எஞ்சியோர் அதற்கு "ஸ்மோங்" என்று பெயரிட்டு, நிலம் நெடுநேரம் நடுங்கினால் மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். 2004இல் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் மாண்டவர் எழுவர் மாத்திரமே. அவர்களைக் காத்தது இயந்திரமன்று, பாட்டியின் வாய்ச்சொல்.

அத்தீவுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலநடுக்கம் நிகழும் இடம் நமக்குத் தொலைவானது. நம் காலடி நடுங்காமலே அலை வரலாம். ஆகவே நமக்குப் பாட்டும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். 2005ஆம் ஆண்டின் சட்டத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி எச்சரிக்கை வந்தபோது கரையோர மக்கள் மேற்கே விரைந்தனர். பேரலை வரவில்லை, அன்று ஓடியது வீணுமன்று. ஆனால் அது ஏப்ரல் மாதம், வயல்வெளி வரண்டிருந்தது. மார்கழியில் கிழக்கே கடல் எழ, மேற்கே தாம்போதி மூழ்கியிருப்பின் எங்கே ஓடுவது? கரையின் இரு வாசல்களும் ஒரே மாதத்தில் அடைபடக்கூடும் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. பாடசாலை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் மாடிகளுள் எவை உறுதியானவை, அவற்றின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதை ஒவ்வொரு தெருவினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்த அடிகளார், மறைந்துபோன யாழைப் பழைய நூல்களிலிருந்து ஆராய்ந்து மீட்டு, 1947இல் யாழ்நூலாகத் தந்தார். நாம் மீட்க வேண்டியது அத்துணை அரிதன்று. முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மன்றத்து இளைஞர்களே, ஏடும் எழுதுகோலும் கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். அயலூர் முஸ்லிம் இளைஞரையும் உடனழைத்துச் செல்லுங்கள். வெள்ளம் எத்தெருவரை வந்தது, அலை எச்சுவரை இடித்தது, எவ்வழியே சென்றவர் பிழைத்தனர் என்பவற்றைக் கேட்டெழுதுங்கள். 2004இன் நீர் எழுந்த உயரத்தைச் சுவரிற் கோடிட்டுக் காட்டுங்கள். தாலாட்டுக்கும் கவிக்கும் பெயர் பெற்ற நாடு நம்முடையது. கடலைப் பற்றியும் ஒரு பாட்டு பிறக்கட்டும். காற்றையும் கடலையும் நம்மால் தடுக்க இயலாது. மறதியைத் தடுக்க இயலும்.