பட்டிப்பளை ஆற்றுவெளியில் ஒரு சைக்கிள் பயணம்

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை அதன் மண்ணிலே படிக்க விரும்புகிறவர் எவ்வளவு வேகத்திற் செல்கிறார் என்பதும் முக்கியமானதே. பஸ்ஸில் செல்பவருக்கு ஊர்களின் பெயர்ப்பலகைகள்தாம் தெரியும். நடந்து செல்பவர் ஓர் ஊரைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது சைக்கிள். ஐரோப்பாவிலே டான்யூப் நதிக்கரை வழியே பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை ஆயிரக்கணக்கானோர் ஆறுதலாகச் சைக்கிளிற் சென்று வருகின்றனர். ஆற்றங்கரையில் மேடு பள்ளம் குறைவு. அவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே காரணம். அப்படிப்பட்ட சமவெளி ஒன்று நம்மிடமும் உண்டு. இன்று நேயர்களைக் கல்முனையிலிருந்து பட்டிப்பளை ஆற்றுவெளிக்குச் சைக்கிளில் அழைத்துச் செல்கிறேன். அவசரம் எதுவும் வேண்டாம்.

புறப்படுமுன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அரச படிவங்கள் இதனைத் துவிச்சக்கர வண்டி என்கின்றன. தமிழகத்தார் மிதிவண்டி என்பர். நம் ஊரில் இது என்றைக்கும் சைக்கிள்தான். முன்னும் பின்னும் ஒத்த அளவான சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட இன்றைய வடிவத்தை 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் வெற்றிகரமாக்கினார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த றப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த றப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துவிட்டன. ஆகவே சைக்கிள் உலகமெங்கும் உருண்ட கதையில் இந்த நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்குண்டு.

இந்தக் கரையோரத்துக்கென்றே சைக்கிளைச் செய்தார்களோ என எண்ணத் தோன்றும். கடலோரமாக நீண்டு கிடக்கும் மணல்மேட்டிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வேலியோடு வேலியாக அமைந்திருக்கின்றன. குடியிருப்பது மணலில், வயலோ மேற்கே, பல கட்டைக்கு அப்பால். விடியுமுன் மண்வெட்டியைப் பாரிலே கட்டிக்கொண்டு மேற்கு நோக்கிப் போவதும், பொழுது சாயக் கிழக்கு நோக்கி வருவதும் இரு சமூகத்து உழவரின் தலைமுறை வழக்கம். தாய்வழிக் குடிமுறையும் இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறான். தாய்வீட்டை எட்டிப்பார்த்துவர அவனுக்கும் சைக்கிள் வேண்டியிருந்தது. மீன்பெட்டியைக் கரியரிற் கட்டிய முஸ்லிம் வியாபாரியின் ஹோர்ன் சத்தத்தைக் கேட்டே தமிழ்க் கிராமத்துப் பெண்கள் படலைக்கு வருவர். மருதமுனைத் தறிச் சாரங்களும் பன்பாய்களும் தயிர்ச்சட்டிகளும் ஊர்விட்டு ஊர் சென்றதும் பெரும்பாலும் இந்த வண்டியிலேதான்.

கல்முனையிலிருந்து தெற்கே வந்தால் காரைதீவு முச்சந்தி. 1892இல் இவ்வூரிற் பிறந்த மயில்வாகனன் என்ற சிறுவன் கல்முனைக்குச் சென்று ஆங்கிலக் கல்வி பயின்றார். பின்னர் சுவாமி விபுலானந்தராகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அண்டை ஊர்ப் பாடசாலைக்கு அன்று நீண்ட அந்தச் சிறிய வழியே, பின்னாளில் யாழ் நூல் வரை நீண்டது.

முச்சந்தியில் மேற்கே திரும்புகிறோம். மணல் முடிந்து சேறு தொடங்குகிறது. அடுத்தது மாவடிப்பள்ளி. ஊவா மலைச்சாரலில் தோன்றி 108 கிலோமீற்றர் ஓடிவரும் பட்டிப்பளை ஆறு, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தொலைவிற் கடலிற் கலக்கிறது. சிங்களத்திலே இதனைக் கல்லோயா என்பர். வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது ஆறும் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிவிடும். சமவெளியின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்தே பிறக்கின்றன. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் இந்த வீதியிலேதான் வெள்ளத்தில் அகப்பட்டது. பிள்ளைகள் சிலர் வீடு போய்ச் சேரவில்லை. வறண்ட நாளிலே இவ்வழியாகச் செல்பவரும் இங்கே ஒரு கணம் இறங்கி, இருபுறமும் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

சம்மாந்துறை வெளியை அடைந்ததும் தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இங்கே வயற்பரப்பு வட்டை எனப்படும். நீரைப் பங்கிடுபவர் வட்டை விதானை. நிலவுடைமையாளர் போடியார். அவருக்காக வயலை நின்று நடத்துபவர் முல்லைக்காரர். காவலிருக்கும் குடில் வாடி. சூடு மிதிக்கும் இடம் களவெட்டி. இச்சொற்களுள் எவற்றையும் இது தமிழருடையது, இது முஸ்லிம்களுடையது என்று பிரித்தெடுக்க முடியாது. பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் இந்த வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு 'வேளாண்மை' என்னும் காவியத்தைப் படைத்தார். அவர் 1975இல் மறைந்தார். காவியம் 1982இலேதான் நூலாயிற்று. சைக்கிளை வரம்போரம் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தால், அகராதியில் ஏறாத சொற்கள் இன்னும் பல காதில் விழும்.

சம்மாந்துறையை அடுத்திருப்பது வீரமுனை. இங்கே மௌனமாகத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரின் நடுவே, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும் வீரமுனைக் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். ஒரே மாதம், சில நாள் இடைவெளி. அதன்பின் தமிழர் முஸ்லிம் வட்டைக்குப் போவதும், முஸ்லிம்கள் தமிழ்ச் சந்தைக்கு வருவதும் நின்றன.

அப்போது எனக்குப் பத்து வயது. என் தந்தையார் ஒரு முஸ்லிம் நண்பரோடு சேர்ந்து பங்குக்கு வேளாண்மை செய்துவந்தார். தந்தையார் அவரைக் 'காக்கா' என்பார். அவர் தந்தையாரைத் 'தம்பி' என்பார். இரண்டு போகம் தந்தையாரின் சைக்கிள் சுவரிலே சாய்ந்தபடி நின்றது. டயர்கள் காற்றிழந்து வெடித்தன. ஒருநாள் யாரோ ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது: "தம்பி, உங்கட பங்கு நெல்லு பத்திரமாக் கிடக்கு. ரோட்டு சரிவரட்டும், வாங்க." பாதை ஓரளவு திறந்த பின்னர் தந்தையார் புது டயர் போட்டு, என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எல்லையைக் கடக்கும்போது அவர் காரணமின்றிப் பலமுறை பெல் அடித்தது நினைவிருக்கிறது. காக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கணக்கு எழுதிய கொப்பியும் இருந்தது. ஆனால் இருவரும் அன்று கணக்குப் பார்க்கவில்லை.

மல்வத்தையைத் தாண்டினால் அம்பாறை. இங்கே வரலாறு வேறோர் அளவில் எழுதப்பட்டது. டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவியது. அமெரிக்காவின் டெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டு, 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடிய சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. புதிய குடியேற்றங்கள் எழுந்தன. குடிசனப் பரம்பலும் மாறியது. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டி எழுந்த வன்செயல்களில் இப்பள்ளத்தாக்கு இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

ஆனால் இதே நீர் இன்னொரு பாடத்தையும் தந்தது. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகள். கடைமடைக்கு நீர் எட்டுவதேயில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு தங்கினர், பேசினர், கேட்டனர். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த அந்தப் போகத்திலேயே விவசாயிகள் தாமாக வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீரைப் பங்கிட்டு, மிச்சத்தைக் கடைமடைக்கு விட்டனர். அத்திட்டத்திற் பங்குகொண்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதனை விரிவாக ஆராய்ந்து 1992இல் ஒரு நூலே எழுதினார். அறிமுகமற்ற ஒருவனின் வயலுக்காகத் தன் மடையை அடைத்தவனின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் அதுவும் வரலாறுதான்.

திரும்பும் வழியில் வெயில் முதுகிலே விழும். கடற்காற்று முகத்திலே படும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிச் சுனாமியில் இந்நாட்டிலேயே மிகக்கூடிய உயிர்களை இழந்தது இந்த மாவட்டம்தான். அன்று அலை எந்த ஊர்ப் பலகையையும் வாசித்துவிட்டு வரவில்லை. இன்று வீதிகள் அகன்றுவிட்டன. மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் பெருகிவிட்டன. பத்து நிமிடத்தில் ஐந்து ஊரைக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஓர் ஊரிலும் இறங்குவதில்லை. அண்டை ஊரின் உள்வீதியை அறியாத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதையே நேயர்களிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஒரு விடுமுறை நாளில் சைக்கிளை எடுங்கள். பெரிய வீதியை விட்டுவிட்டு வாய்க்காற்கரையைப் பிடியுங்கள். அடுத்த ஊரிலே தாகம் எடுத்தால் ஒரு படலையைத் தட்டித் தண்ணீர் கேளுங்கள்.