வேலியேறிய சிறுவன்: டென்னசி எதிர் கார்னர் வழக்கு

தப்பி ஓடும் ஒருவரைப் பிடிக்க வேறு வழி இல்லையென்றால் போலீசார் அவரைச் சுட்டுக் கொல்லலாமா? 1985 மார்ச் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. அந்த வழக்கின் பெயர் ‘டென்னசி எதிர் கார்னர்’. பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருந்த ஒரு சட்ட விதியை அந்தத் தீர்ப்பு முடிவுக்குக் கொண்டுவந்தது.

அந்த இரவு

1974 அக்டோபர் 3. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் இரவு சுமார் 10.45 மணிக்கு, ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகப் போலீசாருக்குத் தகவல் வந்தது. இரண்டு காவலர்கள் அங்கே சென்றனர். வாசலில் நின்றிருந்த ஒரு பெண், அடுத்த வீட்டைக் காட்டி, கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஒரு காவலர் அந்த வீட்டின் பின்பக்கம் போனார். கதவு அடித்துச் சாத்தும் ஒலி கேட்டது. ஓர் உருவம் கொல்லைப்புறமாக ஓடி, ஆறடி உயரக் கம்பிவலை வேலியருகே நின்றது.

காவலர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகமும் கைகளும் தெரிந்தன. ஆயுதம் எதுவும் தெரியவில்லை. அந்த நபரிடம் ஆயுதம் இல்லை என்றே தாம் ஏறக்குறைய உறுதியாக நம்பியதாகப் பிற்பாடு அவரே சாட்சியம் சொன்னார். “போலீஸ், நில்!” என்று அவர் கத்தியதும் அந்த நபர் வேலியில் ஏறத் தொடங்கினார். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று எண்ணிய காவலர் சுட்டார். குண்டு பின்னந்தலையில் பாய்ந்தது. மருத்துவமனையின் அறுவை சிகிச்சை மேசையிலேயே உயிர் பிரிந்தது. இறந்தவர் எட்டாம் வகுப்பில் படித்த 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் எட்வர்ட் கார்னர். அவனிடம் இருந்தவை, அந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு கைப்பையும் 10 டாலரும்.

சட்டம் கொடுத்த அனுமதி

காவலர் சட்டத்தை மீறவில்லை. கைது செய்யப்போவதாக அறிவித்த பிறகும் ஒருவர் ஓடினாலோ எதிர்த்தாலோ, அவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் போலீசார் கையாளலாம் என்றது டென்னசி சட்டம். மெம்ஃபிஸ் காவல் துறையின் விதிகள் அதைவிடச் சற்றுக் கடுமையானவை. ஆனால் வீடு புகுந்து திருடும் குற்றத்துக்கு அவையும் துப்பாக்கிச் சூட்டை அனுமதித்தன. துறையின் ஆய்வுக் குழுவும், குற்றம் சாட்டுவதா என்று முடிவெடுக்கும் கிராண்ட் ஜூரியும் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் இருந்தது. அங்கே பெருங்குற்றம் என்றாலே பெரும்பாலும் தூக்குதான். எப்படியும் மரண தண்டனை பெறப்போகிறவர் பிடிபடும்போது இறந்தால் அநியாயம் ஏதுமில்லை என்று அன்று வாதிட்டார்கள். அந்த விதி உருவான காலத்தில் காவலர் கையில் துப்பாக்கியும் இல்லை; கைகலப்பில்தான் உயிர் போகும். பிறகு தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள் குறைந்தன. முன்பு சிறுகுற்றமாக இருந்த பலவும் பெருங்குற்றப் பட்டியலில் ஏறின. போலீசாரின் இடுப்பில் துப்பாக்கியும் வந்தது. இங்கிலாந்தே 1967இல் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்ற பாகுபாட்டைக் கைவிட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 20 மாநிலங்களில் மட்டும் அந்தப் பழைய விதி அப்படியே எழுத்தில் நின்றது.

தந்தையின் வழக்கு

மகனின் அரசியல் சட்ட உரிமை பறிக்கப்பட்டதாகச் சிறுவனின் தந்தை ஃபெடரல் நீதிமன்றத்தை நாடினார். மூன்று நாள் விசாரணைக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. காவலர் நல்லெண்ணத்துடன் சட்டத்தை நம்பிச் செயல்பட்டதால் அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. நகர நிர்வாகத்தின் பொறுப்பு பற்றிய கேள்வி மட்டும் மிஞ்சியது. மாவட்ட நீதிமன்றம் மறுபடியும் நகரத்தின் பக்கம் நின்றது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, டென்னசி சட்டத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. தன் சட்டத்தைக் காக்க மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆறுக்கு மூன்று

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். நியாயமற்ற கைப்பற்றலிலிருந்து மக்களைக் காப்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம். ஒருவரைச் சுட்டு வீழ்த்துவதும் அவரைக் கைப்பற்றுவதே. எனவே அதுவும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றார் அவர். சுடப்படுபவர் உயிரை மட்டுமா இழக்கிறார்? குற்றம் செய்தாரா இல்லையா என்று நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. சந்தேகத்துக்குரியவர் தப்பிப் போவதைவிடச் செத்துப்போவதே மேல் என்ற நிலையை வைட் ஏற்கவில்லை. பல பெருநகரக் காவல் துறைகள் ஏற்கெனவே இதைவிடக் கடுமையான விதிகளோடு இயங்கிவருவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதிலிருந்து ஒரு புதிய அளவுகோல் பிறந்தது. தப்பி ஓடுபவரைச் சுட வேண்டுமானால், அவரால் காவலருக்கோ பிறருக்கோ மரணமோ படுகாயமோ நேரக்கூடும் என்று நம்பத் தக்க காரணம் இருக்க வேண்டும். முடிந்தபோதெல்லாம் முன்னெச்சரிக்கை தர வேண்டும். ஆயுதமற்ற, ஆபத்தில்லாத ஒருவரைச் சுட அனுமதிக்கும் அளவுக்கு டென்னசி சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது.

நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் தலைமை நீதிபதி வாரன் பர்கரும் நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்டும் இணைந்தார்கள். இரவில் வீடு புகுவது பெரும் வன்முறையில் முடியக்கூடிய குற்றம். கணப்பொழுதில் முடிவெடுக்கும் காவலரைப் பிறகு உட்கார்ந்து எடைபோடுவது சரியல்ல என்பது அவர்கள் வாதம்.

தீர்ப்புக்குப் பின்

மாநிலங்களும் காவல் துறைகளும் விதிகளைத் திருத்தின. 1989இல் ‘கிரஹாம் எதிர் கானர்’ வழக்கு, போலீஸ் பலப்பிரயோகம் அனைத்தையுமே நியாயமானதா என்ற சோதனைக்குள் கொண்டுவந்தது. அந்த இடத்தில் நின்ற காவலரின் பார்வையிலிருந்தே நியாயத்தை அளக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 2007இல் வந்த ‘ஸ்காட் எதிர் ஹாரிஸ்’ தீர்ப்பு, கார்னர் வழக்கின் நிபந்தனைகளை எல்லா வழக்குக்கும் இயந்திரம்போலப் பொருத்த முடியாது என்று அதன் எல்லையைக் குறுக்கியது.

இருந்தும் அதன் அடித்தளம் கலையவில்லை. 2015இல் தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில், போக்குவரத்துச் சோதனையின்போது ஓடிய ஆயுதமற்ற ஒரு கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் முதுகில் சுட்டுக் கொன்றார். வழிப்போக்கர் ஒருவரின் செல்பேசி அதைப் பதிவு செய்தது. மாநில நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஃபெடரல் வழக்கில் காவலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1974இல் மெம்ஃபிஸ் காவலரைக் காப்பாற்றிய பழைய விதி, இந்தக் காவலருக்குக் கைகொடுக்க அப்போது நடப்பில் இல்லை.