வைன்லேண்ட்: திராட்சை ஊர் அளவுகோலான கதை

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் போகும் பெற்றோர், மருத்துவமனையில் ‘வி.எஸ்.எம்.எஸ்.’ என்ற நான்கு எழுத்துகளைக் கேட்டிருப்பார்கள். விரித்தால், வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். சமூகமும் முதிர்ச்சியும் விளங்கிவிடும். வைன்லேண்ட் யார் என்ற கேள்விதான் மிஞ்சும். பினே, வெக்ஸ்லர், ராவன் என்று ஆக்கியவர் பெயரால் சோதனைகளை அழைப்பது உளவியலில் வழக்கம் என்பதால், இதையும் ஆள்பெயராக எண்ணத் தோன்றும். இது ஊர்ப்பெயர்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத் தென்பகுதியில் 1861ல் சார்ல்ஸ் லாண்டிஸ் என்பவர் பெருநிலம் வாங்கி ஓர் ஊரை உருவாக்கினார். திராட்சை பயிரிடுவது அவர் திட்டம். ஆகவே ‘கொடிநிலம்’ என்று பொருள்படும்படி வைன்லேண்ட் எனப் பெயர் வைத்தார். கொடியைக் குறிக்கும் ‘வைன்’, மதுவைக் குறிக்கும் ‘ஒயின்’ இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான். ஆனால் லாண்டிஸின் ஊரில் கொடிக்கு இடம் உண்டு, மதுவுக்கு இல்லை, விற்பனைக்குத் தடை. 1869ல் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத் திருவிருந்துக்காகத் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டதும் இதே ஊரில்தான்.

கொடியோடு நின்றிருக்க வேண்டிய பெயர் வேறு திசையில் போனதற்கு ஒரு பள்ளி காரணம். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக 1888ல் தொடங்கிய அந்தப் பயிற்சிப் பள்ளி, 1906ல் ஹென்றி கொடார்டை ஆய்வகத் தலைவராக அமர்த்தியது. பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905ல் உருவாக்கிய சோதனையைக் கொடார்ட் 1908ல் மொழிபெயர்த்து, வைன்லேண்ட் பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தார். மன வயது இரண்டுக்குள் இருப்பவரை ‘இடியட்’ என்றும், மூன்று முதல் ஏழு வரை ‘இம்பெசில்’ என்றும் வகைப்படுத்தினார். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை. கிரேக்கத்தில் மூடனைக் குறிக்கும் ‘மோரோஸ்’ என்ற சொல்லிலிருந்து 1910ல் ‘மோரான்’ என்று ஒரு பெயரைச் செய்தார். இன்று தெருச் சண்டையில் வீசப்படும் இந்த வசை, ஆய்வகத்தில் கலைச்சொல்லாகப் பிறந்தது.

‘மோரான்’ அட்டவணைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. பார்வைக்கு எல்லாரையும் போல இருக்கும் இவர்களாலேயே குற்றமும் வறுமையும் பெருகுகின்றன, இது பரம்பரையாக வருவது, இவர்களைப் பிள்ளை பெறாதபடி பிரித்துவைக்க வேண்டும் என்று கொடார்ட் வாதாடினார். பள்ளியில் இருந்த ஒரு பெண்ணின் குடும்பத்தை முன்வைத்து 1912ல் நூலும் எழுதினார். எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய வெளிநாட்டு ஏழைகளையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சோதிக்க வைத்தார். பேனா பிடித்தே பழகாத கைக்கு வரையத் தெரியவில்லை என்றால் அது அறிவின் குறையா, பழக்கத்தின் குறையா? அதைப் பிரித்துப் பார்க்க அந்தச் சோதனையில் வழியில்லை. 1928ல் கொடார்டே தம் கருத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டார். அதற்குள் சொல் ஊரெங்கும் பரவிவிட்டது.

அதே ஆய்வகத்தில் அவருக்குக் கீழே பணியாற்றி, 1925ல் ஆய்வுத் தலைவரானவர் எட்கர் டால். புதிரை விடுவிக்கும் திறனைவிட, ஒருவர் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துகிறார் என்பதே குறைபாட்டைத் தீர்மானிக்க முதல் அடையாளம் என்றார் அவர். 1935ல் வந்தது அவருடைய அளவுகோல்; அதற்குத் தம் பெயரை வைக்காமல் ஊர்ப்பெயரை வைத்தார். மொத்தம் 117 இனங்கள். தானே உடுத்துகிறானா, சில்லறைச் சாமான் வாங்கி வருகிறானா, பணத்தை நம்பிக் கொடுக்கலாமா என்று பிள்ளையை நன்கு அறிந்தவரிடம் கேட்டுக் குறிப்பார்கள். கிடைக்கும் சமூக வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் சமூக ஈவு. நம் மருத்துவமனைப் பேச்சில் ‘எஸ்.க்யூ.’.

சான்டா கிளாஸ் நிஜமாக இல்லை என்று பிள்ளை சொல்வதும் டாலின் இனங்களில் ஒன்று. அதை அப்படியே இங்கே கேட்க முடியாது. நாக்பூரில் பணியாற்றிய ஏ. ஜே. மாலின் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி 15 வயது வரைக்குமான 89 இனங்களாக இதை மாற்றியமைத்தார். இந்த மாற்றிலும் நியூ ஜெர்சி ஊரின் பெயர் அப்படியே நின்றது. ‘இடியட்’, ‘மோரான்’, ‘மென்டல் ரிடார்டேஷன்’ எனப் பெயர்கள் வரிசையாக வந்து, வசையாகி, விலக்கப்பட்டன. இந்தியச் சட்டமும் 1995ல் ஆண்ட சொல்லை 2016ல் மாற்றிக்கொண்டது. யாரையும் சுட்டாததால் வைன்லேண்ட் மட்டும் தப்பித்தது.

பெயர் சாதுவானது, எண் அப்படியில்லை. மத்திய அரசு 2018ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை பெற்றால் குறைபாடு 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை பெற்றால் 25 விழுக்காடு. இட ஒதுக்கீடு போன்ற முக்கிய உரிமைகளுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40. ஒரே ஒரு புள்ளியில் ஒரு குடும்பம் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் அம்மாவின் வாய்மொழியிலிருந்து வருகிறது. “கடைக்குப் போவானா?” என்றால், “நான் அனுப்பினதே இல்லீங்க” என்பார் அம்மா. இதை ‘முடியாது’ என்று எழுதிவிட்டால் கொடார்டின் தவறு திரும்ப நடக்கும். டாலின் முறையில் இதற்கென்று தனிக் குறியே உண்டு: ‘வாய்ப்புத் தரப்படவில்லை’. கேட்பவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டால்தான் எந்தக் குறி பொருந்தும் என்பது தெரியும். ஆகவே பெற்றோரும் “செய்ய மாட்டான்” என்பதோடு நிறுத்தாமல், செய்ய விட்டோமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.