பலப்பம் தின்ற பிள்ளைகள்



போன வாரம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "சார், பலப்பம் தின்னதுக்கு நீங்க கொடுத்த அடி இன்னும் மறக்கல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் பலப்பம், சுவர் மண், அடுப்புச் சாம்பல் என்று தின்பார்கள். கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்தப் பார்த்தோம். ஓய்வுபெற்ற பிறகு படித்த ஒரு வரலாறு என் கண்ணைத் திறந்தது.

பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். அவரிடம் ஒரு நோயாளி வந்தார். வயது 21, பார்வைக்கோ 10 வயதுச் சிறுவன். பருவ மாற்றம் எதுவும் இல்லை. கடுமையான இரத்தசோகை. சாப்பாடு பெரும்பாலும் கோதுமை ரொட்டி. அதோடு தினமும் அரைக்கிலோ அளவுக்குக் களிமண்! அதே போல இன்னும் பலர் வந்தார்கள்.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம், சரி. வளர்ச்சி ஏன் நின்றது? துத்தநாகம், அதாவது ஜிங்க், போதாததால் இருக்கலாம் என்று பிரசாத் 1961-இல் எழுதினார். மனிதனுக்கு அந்தக் குறை வராது என்றே அன்று நம்பினார்கள். அவர் எகிப்துக்குப் போய் ஆராய்ந்து 1963-இல் அந்தக் குறை உண்டு என்று நிறுவினார். அங்கே துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் ஓராண்டில் 5, 6 அங்குலம் வளர்ந்தார்கள்.

கோதுமையில் துத்தநாகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தானியத்திலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. களிமண்ணும் அப்படித்தான். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். நம் பாட்டிமார் இட்லி மாவிலும் கூழிலும் இதைத்தான் செய்தார்கள். முட்டை, மீன், இறைச்சியில் உள்ள துத்தநாகம் சுலபமாகச் சேரும். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரிகிறது.

நம் ஊர் விவசாயிக்கு ஜிங்க் புதிதல்ல. நெற்பயிர் குட்டையாக நின்று இலை பழுப்பதற்கு ஜிங்க் குறைவே காரணம் என்று 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெனே கண்டுபிடித்தார். இன்று நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோம். பயிர் வளராவிட்டால் மண்ணைப் பார்த்தோம். பிள்ளை வளராவிட்டால் மட்டும் பிள்ளையைக் குறை சொன்னோம். வழிபாட்டுக் கூட்டத்தில் முதல் வரிசையில் நிறுத்தி "குள்ளா" என்று நானே கூப்பிட்டிருக்கிறேன்.

குள்ளமான பிள்ளைக்கெல்லாம் ஜிங்க் குறைவு என்று சொல்லவில்லை. பெற்றோர் உயரம், அடிக்கடி வரும் நோய், குடல்புழு என்று பல காரணங்கள் உண்டு. நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஜிங்க் அளவு மீறினால் உடம்பில் தாமிரம் குறையும். ஆனால் பிள்ளை மண்ணோ சாக்பீஸோ தின்றால் அடிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தம் பரிசோதியுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரை கொடுத்தால், போக்கு நின்றாலும் 14 நாளும் முழுதாகக் கொடுங்கள்.

பேருந்து நிலையத்தில் பார்த்த தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. நீ செய்தது தப்பே இல்லை. உன் உடம்பு எதையோ கேட்டது, எனக்குத்தான் அது புரியவில்லை.